ஊரோடு வளரும் மரம்: செட்டிநாட்டு மானாவாரி நிலத்தில் காடும் வேளாண்மையும்

காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் கொண்ட செட்டிநாடு மரவேலைப்பாட்டுக்குப் புகழ்பெற்ற பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளின் தூண்களும் நிலைகளும் உத்தரங்களும் பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கால் ஆனவை. கடல்கடந்த வணிகம் செழித்த காலத்தில் வெளியிலிருந்து மரத்தைக் கொண்டுவர முடிந்ததால், சொந்த மண்ணில் என்ன மரம் நிற்கிறது, அதை யார் காக்கிறார்கள் என்ற கேள்வி அந்த வீடுகளைக் கட்டியவர்களுக்குப் பெரிதாக எழவில்லை. ஆனால் அதே ஊர்களில் ஆடு மேய்த்தும், புன்செய் உழுதும், விறகு பொறுக்கியும், புளி உதிர்த்தும் வாழ்ந்தவர்களுக்கு அது அன்றாடக் கேள்வியாக இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

1985-ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான சிவகங்கை மாவட்டம், ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. அளவைப் பார்த்தால் இது குறைவன்று. ஆனால் அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசியை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிட, ஆண்டின் மீதிக் காலம் பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. காரைக்குடி வட்டாரத்தில் செம்மண்ணுக்கடியில் செம்புராங்கல் பாறை பரவிக் கிடப்பதால் மேல்மண் ஆழம் குறைந்தும், சத்துகள் மழைநீரில் எளிதில் கரைந்து போகும் தன்மையுடனும் இருக்கிறது. இத்தகைய நிலத்தில் மரப்போர்வை அகன்றால் மழைத்துளி நேரே மண்ணில் அறைந்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு கண்மாய்க்குள் சேர்க்கிறது. நிலம் சரளையாக, கண்மாய் மேடாக, இரண்டும் ஒரே நேரத்தில் கெடுகின்றன. ஆகவே இங்கே மரம் வளர்ப்பது, நிலத்தையும் நீரையும் அவற்றை நம்பிய பிழைப்பையும் ஒருசேரக் காப்பதாகும். அந்த வேலை கன்று நடுவதில் தொடங்கினாலும், வளர்ந்த மரத்தில் ஊருக்கு என்ன பங்கு என்பதைப் பொறுத்தே நிலைக்கிறது. கடந்த அரை நூற்றாண்டின் அனுபவம் முழுவதும் இந்த ஒன்றையே உறுதிப்படுத்துகிறது.

மீட்புக் காடும் வேளாண் காடும்

இந்தத் துறையில் அடிக்கடி வழங்கும் இரண்டு கருத்துகளைப் பிரித்து அறிவது நல்லது. முன்பு காடாக இருந்து அழிந்த இடத்தில், அந்த மண்ணுக்கும் மழைக்கும் உரிய மரம், செடி, கொடிகளை மீண்டும் நிலைபெறச் செய்வது காடு மீட்பு எனப்படும். இதன் நோக்கம் விளைச்சலன்று. பறவையும் பூச்சியும் நீர்ச்சுழற்சியும் கூடிய ஓர் உயிர்ச்சூழல் திரும்ப அமைவதே. வேளாண் காடு என்பது வேறு. ஒரே நிலத்தில் மரத்தையும் பயிரையும், சில இடங்களில் கால்நடையையும் சேர்த்து, ஒன்றுக்கொன்று துணையாகும் வகையில் திட்டமிட்டு வளர்க்கும் சாகுபடி முறையே வேளாண் காடு. வரப்போரம் பனையும் வேம்பும் நிற்க, இடையில் கடலையும் துவரையும் விளைய, அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை அமர்த்தப்படும் புன்செய், அந்தப் பெயர் வழங்காத காலத்திலேயே வேளாண் காடாக இருந்தது.

இந்தத் துறையை முறையான ஆய்வுக்குரியதாக ஆக்கிய உலக வேளாண் காடுகள் மையம் 1978-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, கென்யாவின் நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. இந்தியாவில் ஜான்சியிலுள்ள மத்திய ஆய்வு நிறுவனம் இத்துறைக்கென்றே செயல்படுகிறது. 2014 பிப்ரவரியில் இந்தியா தேசிய வேளாண் காடுகள் கொள்கையை ஏற்று, இதற்கெனத் தனிக்கொள்கை வகுத்த முதல் நாடாயிற்று. உழவரின் நிலத்தில் வளரும் மரத்தை வனத்துறையின் மரமாகக் கருதிக் கட்டுப்படுத்தும் பழைய போக்கை மாற்றி, அதையும் ஒரு விளைபொருளாகக் கருத வேண்டும் என்பதே அக்கொள்கையின் மையக்கருத்து.

கோயில்காடும் கண்மாயும்

ஊரும் மரமும் சேர்ந்து வாழ்வதற்கான ஏற்பாடு சிவகங்கைச் சீமைக்குப் புதியதன்று. அய்யனார், கருப்பர், காளி முதலிய தெய்வங்களின் பெயரால் விடப்பட்ட கோயில்காடுகள் இத்தகைய ஏற்பாடுகளுள் மிகப் பழமையானவை. சாமி காட்டில் அரிவாள் வைக்கக்கூடாது, பட்டுப்போன சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு, எழுதப்பட்ட எந்தச் சட்டத்தையும்விட நீண்டகாலம் அந்தக் காடுகளைக் காத்தது. இத்தகைய கோயில்காடுகளில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர் குறிக்கும் அரிய வகையின் எச்சங்கள் சில இடங்களில் தப்பியிருக்கின்றன. குறைந்த மழையிலும் ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும் வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் இக்காட்டுக்கு உரியவை. காடு மீட்கப் புறப்படுவோருக்கு விதையும் மாதிரியும் கிடைக்கும் இடம் இதுதான்: ஒரு வட்டாரத்தில் மனிதக் கை படாதிருந்தால் என்னென்ன மரங்கள் எந்த நெருக்கத்தில் நிற்கும் என்பதைக் கோயில்காடு கண்முன்னே காட்டுகிறது. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-ஆம் ஆண்டிலும், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடு 2025-ஆம் ஆண்டிலும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பட்டது, ஊர் காத்த காடுகளுக்குச் சட்டமும் தோள்கொடுக்கத் தொடங்கியிருப்பதன் அடையாளம்.

இரண்டாவது ஏற்பாடு கண்மாயைச் சார்ந்தது. சிவகங்கை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஊருணிகளும் உள்ளன. கண்மாய்க் கரையில் பனை வேரோடி மண்ணைப் பிடித்துக்கொள்ள, நீர் பரவி வடியும் உள்வாய்ப் பகுதியில் நாட்டுக்கருவேல் நின்றது. சில மாதங்கள் நீரில் நின்றாலும் அழுகாத நாட்டுக்கருவேல், ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் மரமாகவும், அதன் நெற்று ஆட்டுக்குத் தீனியாகவும் பயன்பட்டது.

திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இந்த உறவுக்குச் சிறந்த சான்று. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-ஆம் ஆண்டில் அமைந்த இந்தச் சரணாலயம் ஏறத்தாழ 38 ஹெக்டேர் பரப்பே உடையது. நத்தைகுத்தி நாரையும் கொக்கும் பிற நீர்ப்பறவைகளும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. பறவைகள் அஞ்சிப் பறந்துவிடாதிருக்கச் சுற்றுவட்டார மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தாங்களாகவே கைவிட்டிருக்கிறார்கள். மரத்தை அரசு பராமரிக்க, அமைதியை ஊர் பராமரிக்க, பயனை வயலும் பறவையும் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கடமையும் அதற்கு ஈடாக ஒரு பலனும் உண்டு. நிலைத்து நிற்கும் எந்தக் கூட்டு முயற்சிக்கும் இதுவே அடிப்படை.

அரசும் ஊரும் சேர்ந்த முயற்சிகள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுத் தட்டுப்பாடு கடுமையானபோது, காப்புக்காட்டுக்கு வெளியே, ஊர்ப் பொதுநிலத்திலேயே மரம் வளர்த்து ஊரின் தேவையைத் தீர்ப்பது என்ற எண்ணம் வலுப்பெற்றது. சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம், சுவீடன் நாட்டு வளர்ச்சி உதவி நிறுவனமான சீடாவின் நிதியுதவியுடன் நடந்தது. கண்மாய் உள்வாய்களிலும் ஊர்ப் புறம்போக்குகளிலும் பெருமளவில் கருவேல் வளர்க்கப்பட்டு, முதிர்ந்தபின் ஏலம் விடப்பட்டு, வருவாயில் ஒரு பங்கு ஊராட்சிக்குக் கிடைக்க வழிசெய்யப்பட்டது. மாநிலத்தின் வறண்ட மாவட்டங்களில் வெறுமையாகக் கிடந்த நிலங்களுக்கு மரப்போர்வை தந்தது இத்திட்டத்தின் பெரிய பயன்.

ஆனால் அதன் அமைப்பிலேயே ஒரு குறையும் இருந்தது. மொத்தமாக ஏலம் விடப்படும் மரம் வெளியூர் வியாபாரியின் லாரியில் ஏறிப் போய்விட, சுள்ளி பொறுக்கும் பெண்ணுக்கும், உள்வாயில் மாடு மேய்த்தவருக்கும் கிடைப்பது குறைவாகவே இருந்தது. ஊராட்சியின் கணக்கில் சேரும் பணமும் வீட்டு அடுப்புக்குக் கிடைக்கும் விறகும் ஒன்றல்ல என்ற உண்மையைத் திட்டம் வகுப்போர் இதிலிருந்து கற்க நேர்ந்தது.

அடுத்த கட்டமாக, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1997-ஆம் ஆண்டில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. சிதைந்த காடுகளை ஒட்டிய சிற்றூர்களில் கிராம வனக்குழு அமைத்து, எந்த இடத்தில் எந்த மரம், எங்கே தடுப்பணை, யாருக்கு மாற்றுத் தொழில் என்பவற்றை அந்தக் குழுவோடு சேர்ந்து வகுப்பது இத்திட்டத்தின் முறை. இதைக் கூட்டு வன மேலாண்மை என்பர். காட்டிலிருந்து விறகு வெட்டிப் பிழைத்தவர்களுக்குக் கறவை மாடு, தையல் இயந்திரம், சிறு கடன் முதலியவற்றின் வழியாக வேறு வருவாய் தேடித்தந்து, காட்டின் மீதான நெருக்கடியைக் குறைக்க முயன்றது இதன் சிறப்பு. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்நாடு பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் பசுமையாக்கல் திட்டம், தனியார் பட்டா நிலங்களில் மரம் வளர்ப்பதற்கும் கைகொடுத்தது. அரசின் காட்டிலிருந்து ஊர்ப் பொதுநிலத்துக்கும், அங்கிருந்து உழவரின் வரப்புக்கும் திட்டங்கள் நகர்ந்த வரிசையே, மரத்தின் உடைமை படிப்படியாக மக்களை நெருங்கிவந்த வரலாறாகும்.

2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை ஏறத்தாழ 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகப் பத்தாண்டுகளில் உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. புதிய காப்புக்காடுகளுக்கு இடமில்லாத சிவகங்கை போன்ற சமவெளி மாவட்டங்களில் இந்த இலக்கை எட்ட வேண்டுமானால், அது உழவரின் நிலத்திலும் ஊரின் பொதுநிலத்திலும்தான் நிகழ முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள்

பச்சையாகத் தெரியும் எதுவும் காடாகிவிடாது என்பதைச் சிவகங்கையும் இராமநாதபுரமும் அறிந்த அளவுக்கு வேறு மாவட்டங்கள் அறிந்திருக்குமா என்பது ஐயமே. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த சீமைக்கருவேல் 1870-களில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் விறகுத் தேவைக்காக வறண்ட பகுதிகளில் பரவலாக விதைக்கப்பட்டது. கால்நடைகள் தின்ற நெற்றின் விதை சாணத்தோடு எங்கும் பரவ, உழாமல் விட்ட புன்செய்களும் கண்மாய்களும் வரத்துக்கால்களும் முள்காடாயின. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் பிழைத்தது இந்த மரத்தால்தான் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் தன்னடியில் வேறெதையும் எளிதில் வளரவிடாமல், நீர்வழியை அடைத்து, மீண்டும் சாகுபடிக்குத் திரும்பும் செலவை ஏழை உழவருக்கு எட்டாத உயரத்துக்கு அது ஏற்றிவிட்டது. 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டதும், அதே ஆண்டில் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடை வந்ததும், வேரோடு பிடுங்குவதற்கு முன் அவ்விடத்தில் என்ன வளர்ப்பது என்ற திட்டம் வேண்டும் என்பதை உணர்த்தின. வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழையில் அங்கே முதலில் முளைப்பதும் சீமைக்கருவேலே. அயல் தாவரங்களை அகற்றுவதையும் சூழல் மீட்பையும் ஒன்றாகப் பிணைத்து 2022-இல் தமிழ்நாடு அரசு வகுத்த கொள்கை இந்த வகையில் பொருத்தமானது.

இரண்டாவது எச்சரிக்கை தைலமரம். 1974-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுத் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம், காகித ஆலைகளின் கூழ்மரத் தேவைக்காகப் புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் தைலமரத்தைப் பெருமளவில் வளர்த்துவருகிறது. இதனால் அரசுக்கு வருவாயும் சிலருக்கு வெட்டுக்கூலியும் கிடைக்கின்றன. ஆனால் வேகமாக வளரும் எந்த மரமும் அந்த வேகத்துக்கேற்ப நீரை உறிஞ்சும். மழை குறைந்த நிலத்தில் ஒரே இனத்தை நெருக்கமாக, பரந்த அளவில் நடும்போது அடிமண்ணின் ஈரம் தீர்ந்துபோகிறது. தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்கப் போடும் வரப்புகளும் வாய்க்கால்களும் கீழேயுள்ள கண்மாய்க்கு வரத்தைத் தடுக்கின்றன என்பது அப்பகுதி உழவர்களின் நெடுநாளைய முறையீடு. சம்பை ஊற்றின் நிலத்தடி நீரை நம்பிக் குடிக்கும் காரைக்குடிக்கு, நீர்ப்பிடிப்பு நிலத்தில் எந்த மரம் நிற்கிறது என்பது ஊர் முழுவதையும் தொடும் கேள்வி.

மானாவாரி நிலத்தில் மரமும் பயிரும்

மழையை மட்டும் நம்பிய சாகுபடியை மானாவாரி என்பர். மானாவாரி நிலத்தில் மரம் செய்யும் முதல் வேலை, இழப்பைப் பல ஆண்டுகளுக்கும் பல பொருள்களுக்கும் பிரித்துவிடுவது. மழை தவறினால் கடலை பொய்த்துவிடும். ஆனால் ஆழ வேரோடிய புளியும் வேம்பும் அந்த ஆண்டிலும் காய்க்கும். இரண்டாவது, மேல்மண்ணிலுள்ள ஈரத்தைப் பயிர் எடுத்துக்கொள்ள, பயிரின் வேர் எட்டாத ஆழத்துச் சத்தை மரம் மேலே கொண்டுவந்து இலையாக உதிர்த்து மண்ணுக்குத் திருப்பித் தருகிறது. அகத்தி, வாகை, கிளைரிசிடியா போன்ற அவரைக் குடும்பத்து மரங்கள் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. சவுக்கு அக்குடும்பத்தைச் சேராவிட்டாலும் வேறொரு நுண்ணுயிரின் உதவியால் அதே பணியைச் செய்கிறது.

மரம் தேர்வதில் காலக்கணக்கு முக்கியம். அகத்தியும் கிளைரிசிடியாவும் ஓரிரு ஆண்டுகளிலேயே ஆட்டுக்குத் தழை தரும். சவுக்கு சில ஆண்டுகளில் கம்பாகும். மலைவேம்பு ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் ஒட்டுப்பலகைக்கு உரியதாகும். ஒட்டுக்கட்டிய நெல்லியும் புளியும் நான்கைந்து ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். தேக்கும் வேங்கையும் அடுத்த தலைமுறைக்கு உரிய சேமிப்பு. இவற்றுள் ஒன்றை மட்டும் நட்டவர் அந்த ஒன்றின் விலைக்கு அடிமையாகிறார்; குறுங்காலம், இடைக்காலம், நெடுங்காலம் ஆகிய மூன்றையும் கலந்து நட்டவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு வரவு இருக்கும். செம்புராங்கல் நிலத்தில் நன்கு வரும் முந்திரியும், பொட்டலிலும் தாக்குப்பிடிக்கும் சீத்தாவும் கொடுக்காப்புளியும் நாவலும் இந்த வட்டாரத்து உழவர் பழகி அறிந்தவை. பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம்.1 புளி வகை, முன்கூட்டியே காய்ப்பதால் மானாவாரித் தோப்புகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் செட்டிநாட்டிலேயே இயங்குவது, இத்தகைய கலப்பு முறைகளை இம்மண்ணிலேயே சோதித்துப் பார்க்க வாய்ப்பளிக்கிறது.

நடும் முறையிலும் இந்த மண்ணுக்கென்று ஒழுங்கு உண்டு. கோடையிலேயே குழி தோண்டி வெயிலில் ஆறவிட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நட்டால், கன்று வேர்பிடிக்க மூன்று மாத ஈரம் கிடைக்கும். சரிவான இடத்தில் கன்றுக்குக் கீழ்ப்புறமாகப் பிறைவடிவில் சிறு வரப்புக் கட்டினால், ஓடிப்போகும் நீர் அங்கே நின்று ஊறும். கன்றின் அருகில் மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பிக் கசியவிடும் பானைப் பாசனம் முதற்கோடையைக் கடக்க உதவும். ஆடு கடிக்காதிருக்க வெட்டிய சீமைக்கருவேல் முள்ளையே வேலியாக்குவது ஊர் வழக்கம்.

நீடித்த நிலையான பசுமைப் போர்வைக்கான இயக்கம் என்ற மாநிலத் திட்டத்தில், வரப்பில் நட ஹெக்டேருக்கு 160 கன்றுகளும், நிலம் முழுவதும் நட 500 கன்றுகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன. உழவன் செயலியில் இதற்குப் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, உயிரோடிருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு இத்திட்டத்தின் நல்ல கூறு. தொகை சிறியதே, ஆனால் நட்டதற்கு அல்லாமல் பிழைத்ததற்குப் பணம் தருவது என்ற கொள்கை பெரியது.

சேந்தன்குடியும் கஜாவும்

செட்டிநாட்டுக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தின் சேந்தன்குடியில் வாழ்ந்த மரம் தங்கசாமி, தனி உழவர் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காட்டியவர். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பணப்பயிர் செய்து இழப்பைச் சந்தித்தபின் மரச்சாகுபடிக்குத் திரும்பி, தம் நிலத்தைப் பல்வகை மரங்கள் அடர்ந்த கற்பகச்சோலையாக மாற்றினார். தமிழ்நாடெங்கும் உழவர்கள் வந்து பார்த்துச் செல்லும் திறந்த பள்ளியாக அந்தச் சோலை விளங்கியது. திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு மரக்கன்றுகளைக் கொண்டுசென்று வழங்கிய அவர் 2018 செப்டம்பரில் மறைந்தார்.

அவர் மறைந்து இரண்டு மாதங்களில், 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், காவிரிப் படுகையின் தென்பகுதியையும் புதுக்கோட்டையையும் சூறையாடியது; அதன் தாக்கம் சிவகங்கை வரை எட்டியது. தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய, பல ஆண்டு உழைப்பு ஓர் இரவில் அழிந்தது. மரச்சாகுபடியை ஆபத்தற்ற முதலீடாகப் பேசுவது சரியன்று என்பதை அந்தப் புயல் கடுமையாக உணர்த்தியது. ஒரே வயதுடைய, ஒரே இன மரங்களை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இழப்பு முழுமையானதாக இருந்தது. இனத்திலும் வயதிலும் வேறுபட்ட மரங்களைக் கலந்து வளர்ப்பதோடு, மரங்களுக்கான காப்பீடும், சாய்ந்த மரத்தைக் காலதாமதமின்றி நியாய விலைக்கு எடுக்கும் ஏற்பாடும் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

நைஜரும் கென்யாவும் காட்டிய வழி

மரத்தை எப்படி நிலைக்கச் செய்வது என்ற கேள்வியை எதிர்கொண்ட பிற நாடுகளின் அனுபவம் செட்டிநாட்டுக்கும் பொருந்தும். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் டோனி ரினாடோ, நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போவதைக் கண்டு வேறு வழி தேடினார். வயல்களில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடு இருப்பதையும், அவற்றிலிருந்து கிளைக்கும் தளிர்களில் சிலவற்றை மட்டும் விட்டுக் கவாத்து செய்தால் விரைவில் மரமாவதையும் கண்டு, அதை உழவர்களிடம் பரப்பினார். உழவர் பேணும் இயற்கை மறுவளர்ச்சி எனப்படும் இம்முறையால் அந்நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரப்போர்வை திரும்பியது. மரம் அரசின் சொத்து என்ற எண்ணம் தளர்ந்து, தன் வயல் மரம் தனக்கே என்ற உறுதி உழவருக்கு வந்தபோதுதான் அந்த முறை வேகமெடுத்தது. வேம்பையும் உசிலையும் வெட்ட வெட்ட மறுதாம்பு விடும் செட்டிநாட்டுப் புன்செய்களில் கன்றும் குழியும் இல்லாமலேயே இதைச் செய்ய முடியும்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ஆம் ஆண்டில் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், நாற்றங்கால் வளர்க்கும் பொறுப்பைச் சிற்றூர்ப் பெண்களிடம் ஒப்படைத்து, பிழைத்த கன்றுக்கு ஒரு சிறு தொகை வழங்கியது. அவருக்கு 2004-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, மரமும் மக்களாட்சியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை உலகம் ஏற்றது. 2011-இல் ஜெர்மனியின் பான் நகரில் உருவான உலகளாவிய உறுதிமொழியில் சேர்ந்த இந்தியா, 2030-ஆம் ஆண்டுக்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் சிதைந்த நிலத்தை மீட்பதாக 2019-இல் அறிவித்திருக்கிறது. இத்தகைய பெரிய எண்கள், நைஜரின் உழவருக்கும் கென்யாவின் பெண்ணுக்கும் கிடைத்த உரிமை சிற்றூர்தோறும் கிடைத்தால்தான் மண்ணில் மரமாக மாறும்.

ஒப்பந்தமும் கார்பன் வரவும்

இன்று உழவரைத் தேடிவரும் கூட்டாளிகளில் ஆலைகள் முக்கியமானவை. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 2004-ஆம் ஆண்டையொட்டி உழவர் நிலங்களில் சவுக்கும் தைலமரமும் வளர்க்கும் ஒப்பந்தச் சாகுபடியைத் தொடங்கியது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, ஆலைகளையும் உழவர்களையும் நாற்றங்கால்களையும் இணைக்கும் ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் உரிய மரங்களையும் அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்தது. விற்பனை உறுதியும் தரமான கன்றும் கிடைப்பது இத்தகைய ஒப்பந்தத்தின் நன்மை. அதே நேரத்தில், குறைந்தபட்ச விலை எவ்வளவு, சந்தை விலை உயர்ந்தால் அது உழவருக்குக் கிடைக்குமா, வெட்டுக்கூலியும் வண்டிச் செலவும் யாருடையவை, எடை எங்கே யார் முன்னிலையில் போடப்படும் என்பவை தமிழில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓர் உழவர் தனியாகப் பேசுவதைவிட, பல ஊர் உழவர்கள் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனம் பேசும்போது இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கிறது.

அடுத்து வருவது கார்பன் வரவு. மரம் காற்றிலிருந்து உறிஞ்சித் தன்னுள் சேர்த்துவைக்கும் கரியமில வாயுவை டன் கணக்கில் அளந்து, ஒரு டன்னுக்கு ஒரு வரவு என்று சான்றளித்து, தம் உமிழ்வை ஈடுசெய்ய விரும்பும் நிறுவனங்களுக்கு விற்பது இந்த முறை. இதனால் மரத்தை வெட்டாமலே ஒரு வருவாய் கிடைக்க வழியுண்டு. ஆனால் இதற்கான ஒப்பந்தங்கள் பல பத்தாண்டுகள் நீள்பவை. மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ மரத்தை விற்கும் உரிமை அந்தக் காலத்தில் என்னவாகும் என்பதை உழவர் கையெழுத்திடுமுன் அறிந்திருக்க வேண்டும். அளவீட்டுக்கும் சான்றுக்கும் தரகுக்கும் போக அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் கேட்டுப் பெற வேண்டும்.

வெட்டும் உரிமை குறித்த சட்டத்தடைகளும் தளர்ந்துவருகின்றன. சந்தனம் போன்ற சில மரங்களைப் பட்டா நிலத்தில் வளர்த்தாலும் வனத்துறை வழியாகவே விற்க வேண்டும் என்ற விதி உள்ளது. வேளாண் நிலத்து மரங்களை வெட்டுவதை எளிமையாக்கும் மாதிரி விதிகளை 2025 ஜூனில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டிருக்கிறது. வெட்ட முடியாத மரத்தை யாரும் மனமுவந்து நடமாட்டார்கள் என்ற எளிய உண்மையைச் சட்டம் ஏற்கத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம்.

பங்கு உறுதியாகும் வழி

இத்தனை அனுபவங்களுக்குப் பின், சிவகங்கைச் சீமையில் ஒரு காடு வளர்ப்புத் திட்டம் நியாயமானதா என்பதைச் சில கேள்விகளால் அளந்துவிடலாம். நிலமில்லாதவருக்கு அதில் என்ன இருக்கிறது என்பது முதற்கேள்வி. பட்டா உள்ளவருக்கே கன்றும் ஊக்கத்தொகையும் கிடைக்கும் திட்டத்தில், நிலமற்ற குடும்பம் விடுபட்டுப்போகிறது. ஊர்ப் பொதுநிலத்து மரங்களின் வேப்பமுத்து, புங்கன்காய், புளி, பனம்பொருள் ஆகியவற்றைச் சேகரிக்கும் உரிமையும், நாற்றங்கால் நடத்தும் பொறுப்பும் மகளிர் குழுக்களுக்கு எழுத்துப்பூர்வமாகக் கிடைத்தால் அந்தக் குறை தீரும்.

இரண்டாவது கேள்வி மேய்ச்சல். தரிசு என்று வருவாய்த்துறை ஆவணம் குறிக்கும் நிலம், கிடை போடும் கீதாரிக்குத் தரிசன்று. அது அவருடைய ஆடுகளின் உணவு. அவரைக் கேட்காமல் வேலி போட்ட இடத்தில் கன்று தங்காது, அவரும் பகையாவார். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மூன்று ஆண்டுகள் மூடி மரம் தலைதூக்கியபின் திறந்துவிட்டு அடுத்த பகுதியை மூடுவதும், மூடிய பகுதியின் புல்லை அறுத்துக்கொள்ள விடுவதும், நெற்றும் தழையும் தரும் நாட்டுக்கருவேலையும் குடைவேலையும் சேர்த்து நடுவதும் கீதாரியைக் காவலராக்கும்.

மூன்றாவது கேள்வி காலம். நடுவிழாவுக்குப் பணம் கிடைப்பது எளிது. மூன்றாம் கோடையில் தண்ணீர் ஊற்றவும் வேலியைச் சீராக்கவும் பணம் கிடைப்பது அரிது. கொடையாளர் நிறுவனமாயினும் அரசுத் துறையாயினும், நட்ட எண்ணிக்கையை விட்டுவிட்டு ஐந்தாம் ஆண்டில் நிற்கும் எண்ணிக்கையை வெளியிடும் வழக்கம் வந்தால், பராமரிப்புக்கான பணம் தானாகவே திட்டத்தில் இடம்பிடிக்கும். ஊர்க் கூட்டத்தில் அந்தக் கணக்கு வாசிக்கப்பட வேண்டும்.

உலகெங்கும் பரவிவாழும் செட்டிநாட்டு மக்கள் கல்விக்கும் கோயிலுக்கும் ஊருணிக்கும் அள்ளிக் கொடுத்த மரபுடையவர்கள். அந்தக் கொடை மரபு சொந்த ஊரின் கண்மாய் வரத்துக்கும், கோயில்காட்டுக்கும், அண்டை உழவரின் வரப்புக்கும் திரும்புமானால் அதன் பயன் பல தலைமுறைக்கு நீளும். ஆனால் பணம் எங்கிருந்து வந்தாலும், எந்த மரம், எந்த இடம், யாருக்கு என்ன பங்கு என்ற முடிவு அந்த ஊரில் வாழ்வோரின் கூட்டத்தில் எடுக்கப்பட வேண்டும். நிழலும் தழையும் காயும் பணமும் தமக்கும் உண்டு என்று அறிந்த மக்கள் மரத்தைக் காப்பார்கள். அந்த உறுதியை அவர்களுக்கு எழுத்தில் தருவதே காடு வளர்க்கப் புறப்படும் ஒவ்வொருவரின் முதல் கடமை.